வேறொரு ஃபின்லேயைக் கூப்பிட்டார்கள்

26 பிப்ரவரி, 1974, செவ்வாய்

பழைய ஷில்லிங் போய்ப் புதுக்காசு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். போன வருஷம் எங்கள் தீவுக் கப்பல் பழைய துறையை விட்டு எதிர்க்கரையில் உள்ளபூலுக்குப் போகத் தொடங்கியது. இந்தக் குளிர்காலம் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் வேலையை நிறுத்தி, கரண்ட் இல்லாமல் லண்டனில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிடுகிறார்களாம். நாளை மறுநாள் தேர்தல். நமக்கென்ன, நம் அடுப்பில் எரிவது நம் சதுப்பில் நாமே வெட்டிக் காயவைத்த கரிமண். எனக்கு இந்த வருஷம் நினைவில் நிற்கப்போவது இதற்கெல்லாம் அல்ல. என் பொண்டாட்டி ஒய்ரிக்கின் இதயம் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன வருஷம் இது.

இந்த நோட்டு அவளுடையது. கல்யாணம் ஆனதிலிருந்து காற்று எந்தப் பக்கம், பசு எவ்வளவு கறந்தது, எந்த ஆடு நொண்டுகிறது என்று தினமும் எழுதுவாள். இப்போது கை நடுங்குகிறது.

"இனிமே நீ எழுது, மனுஷா."

"எனக்கு எங்க எழுத்து வரும்?"

"நான்தானே கத்துக்கொடுத்தேன். வந்த வரைக்கும் எழுது."

உண்மைதான். அப்பா கடலோடு போனபிறகு நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. என் பொண்டாட்டிதான் அடுப்பங்கரை மேசையில் வேதாகமத்தை விரித்துவைத்து எழுத்தைக் காட்டினாள். காதில் விழுகிறபடி எழுதுகிறேன். வாத்தியார் யாராவது பார்த்தால் அழுவார்.

காற்று தெற்கு. மழை. பசு பரவாயில்லை.

1 மார்ச், வெள்ளி

காற்று மேற்கு. தூக்கம் இல்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. உப்பு மீன்கூட வாயில் மரத்தூள் மாதிரி இருக்கிறது. அவளுக்கோ? மடியில் தட்டை வைத்து உருளைக்கிழங்கு உரிக்கிறாள். நடுவில் மூச்சு வாங்கினால் கத்தியைக் கீழே வைக்கிறாள், மூச்சு திரும்பியதும் எடுக்கிறாள். கூடவே வேதாகமச் சங்கீதப் பாட்டு ஒன்றின் ராகத்தை முனகுகிறாள். டாக்டர் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். "திருவிருந்து முடியட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

திருவிருந்து வாரம் என்றால் வியாழன் தொடங்கித் திங்கள் வரை. தீவின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லா வீட்டிலும் விருந்தாளி. ஞாயிறன்று வெள்ளைத் துணி போட்ட நீள மேசை, அதில் ஆண்டவர் நினைவாக ரொட்டியும் திராட்சரசமும். அதில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பின்பெஞ்சில் இருந்து பார்ப்போம். எங்கள் ஊரில் சபைக்குப் போகாதவன் கிடையாது, ஆனால் மேசைக்குப் போகிறவன் அபூர்வம். மனசுக்குள்ளே ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். சபையை நடத்தும் மூப்பர்கள் அதைக் கேட்பார்கள். நடக்காதவன் நடந்ததாகச் சொல்லிக்கொண்டு அந்த ரொட்டியைத் தொட்டால் அதைவிடக் கேடு வேறில்லை என்று எல்லோருக்கும் பயம். அது நேர்மையான பயம், அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஊரே ஆண்டவர் பக்கம் திரும்பிய எழுப்புதல் வருஷத்தில் ஒய்ரிக் மேசைக்குப் போனாள். இருபத்தைந்து வருஷமாக நான் பின்பெஞ்சிலிருந்து அவள் தொப்பியின் பின்பக்கத்தைப் பார்க்கிறேன்.

இதுதான் அவளுக்குக் கடைசி மேசையோ? ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த ஆசைக்காகப் போனால் அது திருட்டு.

4 மார்ச், திங்கள்

கேட்டேவிட்டேன். "உனக்குப் பயமே இல்லியா, புள்ள?"

"இல்லேன்னு யார் சொன்னா?"

"பாட்டு பாடுறியே."

"பயந்தவ பாடக்கூடாதா?" சிரித்தாள், இருமினாள். "காலைல எந்திரிச்சதும் பயத்தை எல்லாம் பேர் சொல்லி ஆண்டவர்கிட்ட சொல்லிடுவேன். மூச்சு நின்னுடுமோன்னு பயம், உன்னைத் தனியா விட்டுட்டுப் போறது பயம், நம்ம மக டோலினா உங்கிட்ட சண்டை போடுவாளேன்னு பயம்."

"சொன்னா போயிடுமா?"

"போகாது. இதே வீட்லதான் இருக்கும். ஆனா என் மடில இருக்காது."

அது எப்படி? ஒரு சாமான் ஒரே வீட்டில் இருந்தும் மடியில் கனக்காமல் இருக்குமா? நாளெல்லாம் யோசித்தேன். நான் வேண்டுதல் செய்யாதவன் இல்லை. காலையும் மாலையும் குடும்ப ஜெபம், சங்கீதம், எல்லாம் உண்டு. என் பயம் ஒன்றைப் பேர் சொல்லி எடுத்துச் சொன்னது மட்டும் கிடையாது. ஆண்டவருக்குத் தெரியாததா என்று விட்டுவிடுவேன்.

"எனக்காக மேசைக்கு வந்துடாதே, மனுஷா" என்றாள், நான் ஒன்றும் சொல்லாமலே.

காற்று எழுத மறந்துவிட்டேன்.

6 மார்ச், புதன்

பக்கத்து வீட்டு டோர்மொட்டிடம் கேட்டேன். அவனும் என்னோடு பின்பெஞ்சுக்காரன்தான். தறியை மிதித்துக்கொண்டே கத்தினான்.

"என்னது?"

"சமாதானம்! மனசு சமாதானம் எங்கேருந்து வருதுன்னு கேட்டேன்!"

தறியை நிறுத்தினான். "எனக்குத் தறி நின்னா சமாதானம். என் பொண்டாட்டிக்கு நான் தறிக்கொட்டிலுக்குப் போனா சமாதானம்."

"விளையாடாதே."

"விளையாடலப்பா. நாப்பது வருஷமா பிரசங்கம் கேக்கிறோம். உனக்கே தெரியலேன்னா எனக்கு எப்படித் தெரியும்? நீதான் கேக்கும்போது முழிச்சிட்டு இருப்பே." கொஞ்ச நேரம் நூலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஒய்ரிக் எப்படி இருக்கா?" என்று கேட்டான். நான் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன். மறுபடி தறியை மிதிக்கத் தொடங்கினான், என் முகத்தைப் பார்க்காமல். நல்லவன்.

9 மார்ச், சனி

மூப்பர் ருவாரி அவளைப் பார்க்க வந்தார். மூப்பர் என்றாலும் என்னோடு பேன் பார்த்து வளர்ந்தவன்தான். வழியனுப்பும்போது வேலியோரம் நிறுத்தி அதே சமாதானக் கேள்வியைக் கேட்டேன்.

"தேடினா கிடைக்கும்" என்றான்.

"தொலைஞ்ச ஆடா அது, தேடுறதுக்கு?"

"தொலைஞ்ச ஆடு நீ. ஆடு எங்கயாவது தேடுமா? சதுப்புல மாட்டின ஆடு கத்தவாவது செய்யும், ஃபின்லே. நீ கழுத்து வரைக்கும் முங்கினாலும் கத்தமாட்டே. 'பரவாயில்லை, காற்று மேற்கு'ன்னு சொல்லுவே."

கோபம் வந்தது. வேலிக் கதவைத் தேவைக்கு மேல் சத்தமாகச் சாத்தினேன். அவன் போனபிறகு இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். காற்று மேற்கு என்றுதான் எழுதியிருக்கிறது.

12 மார்ச், செவ்வாய்

வடக்குக் காற்று, ஆலங்கட்டி. அவளுக்கு மூச்சுத் திணறல். நான் மாட்டுக்கொட்டிலில் போய் நின்றேன். கத்தவில்லை.

13 மார்ச், புதன்

மகள் டோலினா கிளாஸ்கோவிலிருந்து வந்தாள். கோட்டைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, உங்களுக்குப் புத்தி இருக்கா? அம்மா இருக்கிற நிலைமைல ஆஸ்பத்திரியில சேர்க்காம ஆட்டுக்கறி வேகவைக்கிறீங்க!"

"உங்கம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்த நேரத்துல விருந்தாளி எதுக்கு?"

கட்டிலிலிருந்து ஒய்ரிக்: "நான் செத்தா இந்தக் கட்டிலும் காலியாயிடும்டி, இன்னும் ரெண்டு பேர் தங்கலாம். சாறுல உப்பு போட்டியா பாரு."

டோலினா அடுப்புப் பக்கம் திரும்பி அழுதாள். பிறகு உப்புப் போட்டாள்.

14 மார்ச், வியாழன்

உபவாச நாள். தீவின் தெற்கே ஹாரிஸ் பக்கத்து விருந்தாளிகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒய்ரிக் அவர்களுக்குத் தலையணை சரியில்லை என்று என்னைத் திட்டினாள். நாளை வீட்டிலேயே இருப்பாள். ஞாயிறு எப்படியும் மேசைக்குப் போய்விடுவதாகச் சொல்கிறாள்.

15 மார்ச், வெள்ளி

ஒன்றையும் விடாமல் எழுதப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை கேள்வி நாள். ஒரு மூப்பர் எழுந்து ஒரு வசனத்தைச் சொல்லி, இதில் நிஜ விசுவாசியை எந்த அடையாளத்தால் கண்டுபிடிப்பது என்று கேட்பார். போதகர் ஆண்களைப் பெயர் சொல்லி அழைப்பார், மேசைக்குப் போகிறவர்களை மட்டும். அழைக்கப்பட்டவன் இருந்த இடத்தில் எழுந்து தனக்கு நடந்ததிலிருந்து பேச வேண்டும். பின்பெஞ்சுக்காரர்கள் கேட்கலாம். எனக்குப் பிரசங்கத்தைவிட இந்த நாள் பிடிக்கும். இன்ன வருஷம் இன்னார் சொன்னது என்று நான் சிறுபிள்ளையாகக் கேட்டதுகூட மனசில் இருக்கிறது.

ருவாரி எழுந்து கேட்டான்: உலகம் கொடுக்கிற சமாதானம் ஒன்று, ஆண்டவர் விட்டுப்போன சமாதானம் ஒன்று, ஒருவனிடம் இருப்பது எது என்று எதை வைத்துச் சொல்வது?

என்னை வைத்துத்தான் கேட்டானா? பிறகு விசாரித்தேன், இல்லை என்றான். நம்பவில்லை.

நடத்தியவர் ஸ்கை தீவிலிருந்து வந்த போதகர். எங்கள் ஆட்களை அவருக்குத் தெரியாது. கீழே உட்கார்ந்திருக்கிற மூப்பர்கள் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் அழைத்தார். சிலர் பேசினார்கள். அப்புறம், "ஃபின்லே மோரிசன்" என்றார்.

எங்கள் சபையில் ஃபின்லே மோரிசன் மூன்று பேர். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் கரைவீட்டு ஃபின்லே. ஒருவன் கப்பலில் இருக்கிறான். அவர்கள் கூப்பிட்டது மேட்டு ஃபின்லேயை. வருஷா வருஷம் பேசுகிறவர், என்னைவிட மூத்தவர். கால் வீங்கிப் படுத்திருக்கிறார் என்பது ருவாரிக்குத் தெரியவில்லை. யாரும் எழவில்லை. போதகர் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார்.

டோர்மொட் விலாவில் இடித்தான். "உன்னைத்தான்டா."

"என்னை இல்லடா. மேட்டுக்காரரை."

"அப்ப எழுந்து சொல்லு. இல்லேன்னா அவர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பார்."

எழுந்தேன். "ஐயா, நீங்க கூப்பிட்ட ஆளு நான் இல்லைங்க."

இங்கேதான் வினை. கேள்வி நாளில் எழுகிற ஒவ்வொருவனும் இப்படித்தான் தொடங்குவான்: நான் தகுதியில்லாதவன், வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம் என்று. அது எங்கள் வழக்கம். நான்தான் சரியான ஆள் என்று எவனாவது சொன்னால் அவனைத்தான் சந்தேகப்படுவோம். போதகர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்படி நினைக்கிறவங்க பேசித்தான் கேக்கணும். சொல்லுங்க, சகோதரரே."

"இல்லைங்க ஐயா, நெசமாவே நான் இல்லை. அந்த ஃபின்லே கால் வீங்கிப் படுத்திருக்கார். நான் மேசைக்கு வர்றவனே இல்லை."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ருவாரியின் முகம் வேகவைத்த நண்டு போலச் சிவந்தது. போதகர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எழுந்துட்டீங்க. கேள்வி என்னன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"கேள்வி மட்டும்தாங்க தெரியும்."

அப்போது உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் மடங்கவில்லை. வாய் தானாகப் பேசியது.

"அடையாளம் கேக்குறீங்க. எங்கிட்ட இல்லை. என் வீட்ல ஒண்ணு இருக்கு. இதயம் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவ கிழங்கு உரிக்கிறா. தைரியம்னு நினைச்சேன். தைரியம் எனக்குத் தெரியும், சண்டைக் கப்பல்ல பாத்திருக்கேன், அது வேற மாதிரி இருக்கும். அவளுக்குப் பயம் இருக்கு. பயத்தை எடுத்து அவர் கைல கொடுக்கிறா, மறுநாளும் கொடுக்கிறா. நான் எதையும் கொடுத்தது இல்லை. கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு நினைச்சிருந்தேன்." அதோடு நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு. அவ போயிடுவான்னு பயமா இருக்கு. ஆண்டவரே, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன். போதகரைப் பார்த்துத் தொடங்கினது எங்கே போய் முடிந்தது என்று அப்போதுதான் உறைத்தது. போதகர் சங்கீதம் பாடச் சொன்னார். முன்பாடகர் ஒரு வரியை எடுத்துக்கொடுக்க, சபை அதை இழுத்து இழுத்துப் பாடியது. நான் பாடவில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்குள் நான் மிதந்தேன், ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

வீட்டுக்கு நான் வருமுன் செய்தி வந்துவிட்டது.

"மேட்டு ஃபின்லே பங்கைப் பிடுங்கித் தின்னுட்டியாமே?" என்றாள் ஒய்ரிக். கண் ஈரமாக இருந்தது.

தட்டு வந்தது. உப்பு மீன் உப்பாக இருந்தது. மூன்று மீன் சாப்பிட்டேன். டோலினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவா அது? இவ்வளவு சின்னதா? பயம் போகவில்லை. தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. ஆனால் மடியில் இல்லை.

16 மார்ச், சனி

மேசைக்கு அனுமதி கேட்டு மூப்பர்கள் முன்னால் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான். உள்ளூர்ப் போதகரும் ருவாரியும் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

"ஏன் இப்போ?" என்று ருவாரி கேட்டான். கேட்க வேண்டியவன்தான். "ஒய்ரிக்குக்காகவா?"

"அவளுக்காக வர்றதா இருந்தா இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருப்பேன். அப்ப இன்னும் அழகா இருந்தா."

போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ருவாரிக்கு நெடுநேரம் இருமல்.

"அப்புறம் எதுக்கு?"

"நேத்து கத்திட்டேன். யாரோ கேட்டாங்க. யாருன்னு தெரிஞ்சுக்கணும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மேசைக்கு அனுமதிச்சீட்டு மாதிரியான சின்ன ஈயத் துண்டை என் கையில் வைத்தார்கள். வழியெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அவளிடம் காட்டினேன். என் உள்ளங்கையோடு சேர்த்து மூடிக்கொண்டாள். நாளைக்குப் போட அவளுடைய தொப்பியைத் துலக்கி வைத்தோம்.

சாயங்காலம் அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உதடு நீலம். டாக்டர் வந்து, இனி பேச்சில்லை என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். டோலினா கூடப் போனாள். நானும் ஏறப்போனேன்.

"நீ எங்க வர்றே?" மூக்கில் குழாயோடு. "நாளைக்கு உனக்கு வேலை இருக்கு."

"இந்த நிலைமைல உன்னை விட்டுட்டு—"

"இறங்கு, மனுஷா."

இறங்கினேன்.

18 மார்ச், திங்கள்

நேற்று ஓய்வுநாள், எழுதவில்லை.

மேசைக்குப் போனேன். அவள் வழக்கமாக உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடத்தை யாரும் எடுக்கவில்லை. வெள்ளைத் துணியின் மடிப்பு கண்ணுக்கு நேரே. ரொட்டி கைக்கு வந்தது. பிய்த்தேன். எல்லோரும் செய்கிறபடி பக்கத்தில் நீட்டப் போனேன், காலி இடம். இடத்தைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாமலே உட்கார்ந்திருந்தேன். முந்தின வாரம் இதை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது.

டோர்மொட் பின்பெஞ்சில் தனியாக. திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தேன். என் தொப்பியை மடியில் வைத்திருந்தான்.

இன்று முதல் பஸ்ஸில் பட்டணம். வார்டில் அவள் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்!

"நீ இல்லாம தனியா உட்கார்ந்திருந்தேன், புள்ள."

"இருபத்தஞ்சு வருஷம் நான் உட்கார்ந்தேன். நீ ஒரு நாள் உட்காரு."

எங்கள் சிரிப்பு அடங்காமல், நர்ஸ் வந்து என்னை விரட்டும்படி ஆனது.

2 ஏப்ரல், செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். படியேறக்கூடாது, குனியக்கூடாது. ஆனால் எனக்கு உத்தரவு போடலாம் என்று டாக்டர் சொன்னாராம், எனக்கென்னவோ சந்தேகம். காலையில் இப்போது இரண்டு பேரும் சத்தமாகப் பயங்களைச் சொல்கிறோம். அவளுடையதைவிட என்னுடைய பட்டியல் நீளம். "போதும், அவருக்கு வேற வேலையும் இருக்கு" என்கிறாள்.

காற்று தென்மேற்கு. கருமூஞ்சி ஆடு இரட்டைக் குட்டி.

20 ஆகஸ்ட், செவ்வாய்

ஒய்ரிக் இன்று காலை போய்விட்டாள். என் கை அவள் கைக்குள். காற்று வடமேற்கு. பசு கறந்தது.

24 ஆகஸ்ட், சனி

அடக்கம் முடிந்தது. ஆண்கள் எல்லோரும் முறைபோட்டுச் சுமந்தார்கள். டோலினா என்னைக் கிளாஸ்கோவுக்குக் கூப்பிடுகிறாள். மாட்டேன் என்றேன். சண்டை போட்டாள்.

இது என்ன என்று எனக்கே புரியவில்லை. நெஞ்சுக்குள் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. அதே நெஞ்சில் அந்தச் சமாதானமும் இருக்கிறது. ஒன்று வந்தால் மற்றது போகும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. அவளிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். கதவு வரை போய்விட்டேன்.

21 மார்ச், 1977, திங்கள்

நேற்று மேசை. போன வெள்ளிக்கிழமை என்னையே, தெரிந்தே, கூப்பிட்டார்கள். நான் கூப்பிட வேண்டிய ஆள் இல்லை என்றுதான் தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருக்கக்கூடியவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

ருவாரி போன கோடையில் புல் வெட்டும்போது விழுந்தான், எழவில்லை. டோர்மொட்டுக்குத் தறியிலேயே முடிந்தது, கடைசி வரை பின்பெஞ்சு, ஆனால் போவதற்கு முந்தின வாரம் வந்து, "உன் பொண்டாட்டி அந்தப் பயத்தை எப்படிச் சொல்லுவா? வார்த்தையைச் சொல்லு" என்று கேட்டுப்போனான். அந்த ஸ்கை போதகர், அவ்வளவு இளையவர், அவரும் இல்லை என்று கடிதம் வந்தது. கப்பலில் இருந்த ஃபின்லே கப்பலோடு போனான். அன்று பேசியவர்களில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அடக்க ஆராதனைக்குப் போய்ப் போய் என் கறுப்புக் கோட்டின் முழங்கை தேய்ந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் மீன் வாங்கிக்கொண்டு மேட்டுப்பாதையில் ஏறுகிறேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே, "என் கேள்வியைத் திருடினவன் வந்துட்டான்" என்கிறார். "பயமா இருக்கா?" என்று கேட்கிறேன். "இருக்கு. உனக்கு?" "இருக்கு." மீனைப் பிரித்துச் சாப்பிடுகிறோம். எப்படி இப்படி ருசிக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாராவாரம் அதைத்தான் பேசுகிறோம்.

தொண்ணூற்றொரு வயது, கால் வீங்கித்தான் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை எழுந்து பேசியிருக்க வேண்டியவர் அவர்தான். அவர் ஒருவர்தான் இன்னும் இருக்கிறார், மேட்டு ஃபின்லே.